அபராதம் தாமதமாகவே வரும்

தேடுபொறியையும் செயலிகளையும் கைபேசி நிறுவனங்கள் மீது திணித்ததற்காக, கூகுளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. ஏறக்குறைய இதே ஆண்ட்ராய்டு முறைகேட்டுக்காக ஐரோப்பிய ஆணையம் 434 கோடி யூரோ அபராதம் விதித்தது 2018-லேயே. அதற்குள் சந்தை ஏகபோகத்தின் பிடியில் இறுகிவிட்டது. அபராதமோ இந்நிறுவனங்களுக்குத் தொழில் நடத்தும் செலவுகளில் ஒன்றுதான்.

இதை உணர்ந்த ஐரோப்பிய ஒன்றியம், பெருந்தளங்கள் செய்யக் கூடாதவற்றை முன்கூட்டியே வரையறுக்கும் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தை இயற்றியது. 2024 மார்ச் முதல் அந்நிறுவனங்கள் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும். (இயற்றியவர்கள் சோசலிஸ்டுகள் அல்லர், சந்தையின் காவலர்களே.) அமெரிக்காவிலோ, தேடுபொறிச் சந்தையில் கூகுள் சட்டவிரோத ஏகபோகம் என 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்த அதே நீதிமன்றம், குரோமைப் பிரித்து விற்க உத்தரவிட மறுத்துவிட்டது.

இந்தியாவில் ஐரோப்பிய பாணியிலான டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு 2024 மார்ச்சில் வெளியானது. பெருநிறுவனங்கள் எதிர்த்தன, மோடி அரசு அதைக் கிடப்பில் போட்டது. டிரம்ப்பின் வரி மிரட்டலுக்கு நடுவே, இணைய விளம்பரங்கள் மீதான 6 சதவீத சமன்படுத்தும் வரியும் 2025 ஏப்ரலில் கைவிடப்பட்டது. மசோதா தாமதமின்றி நாடாளுமன்றத்துக்கு வர வேண்டும். உள்நாட்டுப் பெருமுதலாளிகளின் தளங்களுக்கும் அதில் விலக்கு இருக்கக் கூடாது.