தனியே போவதா? கூட்டத்தோடு போவதா?

சங்கரன்கோவில் ஆடித் தபசுக்கு ஊர் ஊராகக் கூட்டம் சேர்ந்து வருவோர் உண்டு. தனியே வந்து போவோரும் உண்டு. கூட்டத்தோடு வந்தால் துணை இருக்கும். தனியே வந்தால் நினைத்த நேரத்தில் திரும்பலாம்.

கடலுக்கு எட்டி இருக்கும் இந்த ஊரில் எழும் கேள்விதான், பாய்மரப் படகில் கடல் கடப்போருக்கும் எழுகிறது.

கானரித் தீவுகளிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு 1986-ஆம் ஆண்டு முதல் படகுகள் கூட்டமாகப் போகின்றன. தூரம் சுமார் 2,700 கடல் மைல். பாதுகாப்புச் சாதனங்களைச் சோதித்த பிறகே படகுகளை அனுப்புகிறார்கள். ஆனால், புறப்படும் நாளை முன்பே குறித்து விடுகிறார்கள். காற்றோ பஞ்சாங்கம் பார்ப்பதில்லை! தனியே போகிறவர் நல்ல காற்றுக்குக் காத்திருக்கலாம்.

அந்தச் சுதந்திரத்துக்கும் விலை உண்டு. இந்தியக் கடற்படை வீரராக இருந்த அபிலாஷ் டோமி, எங்கும் நிற்காமல் தன்னந்தனியே உலகைச் சுற்றி 2013-இல் திரும்பியவர். அவரே 2018 செப்டம்பரில், தனியாகப் படகோட்டும் போட்டியின்போது இந்துமாக் கடலில் புயலில் சிக்கினார். பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் பலத்த அடி, நடக்க முடியவில்லை. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பினார். மூன்று நாள் கழித்துப் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று வந்து மீட்டது.

அந்தச் செய்தி போய்ச் சேராதிருந்தால்?

தனியே போவது தவறல்ல. இருக்கும் இடம் எவருக்கும் தெரியாமல் போவதே தவறு. கூட்டத்தில் போகிறவரும், "மற்றவர் பார்த்துக் கொள்வார்" என்று இருந்துவிடலாகாது. அவரவர் படகுக்கு அவரவரே பொறுப்பு.

வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் யாராயினும், போகும் இடத்தையும் திரும்பும் நாளையும் சொல்லிவிட்டுப் போகட்டும்.