ஜீப்புக்கு அடியில்
காக்பர்ன் கலெக்டர் 1820-களில் காப்பி கொண்டுவந்த சேர்வராயன் மலையில், இன்றும் தோட்டத்துக்குள் போக ஜீப்தான் தோது. மழை ஓய்ந்ததும் ஏற்காட்டு ஜீப் ஒன்றின் அடியில் குனிந்து பாருங்கள். ஷாஃப்ட் ஜாயின்ட்டில் கிரீஸும் செம்மண்ணும் அடையாக இறுகிக் கிடக்கும். உடனே பிரஷர் வாஷைத் தூக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த வேகத்தில் தண்ணீர் சீலைத் தாண்டி பேரிங்குக்குள் புகுந்துவிடும், அப்புறம் துருதான். மழுங்கிய தகட்டால் சுரண்டி, மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத்தூள் போட்டுக் கழுவினால் போதும். முடித்ததும் நிப்பிள்களில் புது கிரீஸ் அடிக்க வேண்டும். பாதிப்பேர் கோட்டைவிடுவது இங்கேதான். வண்டியை ஓடையிலேயே இறக்கிக் கழுவுவதற்கும் வக்காலத்து வாங்க ஆளிருக்கிறது. கீழே ஒரு தகரத் தட்டு வைத்து அழுக்கெண்ணெயைப் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?