பெட்டியை யார் கட்டுறது?

கம்பம் பள்ளத்தாக்குல எல்லை தாண்டிப் பொண்ணு குடுக்கறது ஒண்ணும் புதுசு இல்லை. குமுளி மலை ஏறினா கேரளா. வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன அத்தைமார் கம்பத்துலயும் கூடலூர்லயும் நிறைய வீட்டுல உண்டு. சீர் ஜீப்புல போகும். கட்டில், பீரோ, குத்துவிளக்கு, பித்தளைக் குடம், அரிசி மூட்டை. செக்போஸ்ட்ல நிறுத்தினாலும் "கல்யாணச் சீருங்க"ன்னு சொன்னா கை காட்டி விட்டுடுவாங்க. அதே பழக்கத்துலதான் இப்ப அமெரிக்காவுக்கும் துபாய்க்கும் பொண்ணுங்களை அனுப்பிட்டு இருக்கோம். ஜீப்புக்குப் பதிலா விமானம், அவ்வளவுதானேன்னு நினைப்பு.

அவ்வளவுதான் இல்லை மக்களே.

நான் கம்ப்யூட்டர்ல குப்பை கொட்டுறவன்ங்கறதால, தெரிஞ்ச வீட்டுப் பொண்ணு யாராவது புருஷன்கிட்ட வெளிநாடு கிளம்பினா எனக்கு ஒரு போன் வரும். "தம்பி, என்னென்ன கொண்டு போலாம்?" கேக்கறது அப்பாவா இருக்கும், இல்லைன்னா மாமியார். கிளம்பப் போற பொண்ணு போன் பண்ணி ஒரு தடவை கூட கேட்டது இல்லை. என் வயித்தெரிச்சலே அதுதான்.

அமெரிக்கா போற விமானங்கள்ல பெரும்பாலும் 23 கிலோ பெட்டி ரெண்டு. ஆக 46 கிலோ. இதுல மாப்பிள்ளைக்குப் பிடிச்ச இட்லிப் பொடி, பருப்புப் பொடி, குழம்புத் தூள், நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் முதல்ல ஏறிடும். அப்புறம் மாப்பிள்ளையோட நண்பருக்கு அவங்க வீட்டுல குடுத்த பொட்டலம் (உள்ள என்ன இருக்குன்னு யாரும் பிரிச்சுப் பாக்க மாட்டாங்க, மரியாதைக் குறைவாம்!). பெட்டியை சின்னம்மா கட்டுவாங்க, அயித்தை மேல ஏறி உக்காந்து ஜிப்பை இழுப்பாங்க, அப்பத்தா கடைசி நேரத்துல ஒரு பையைச் செருகும். பொண்ணோட புத்தகமும் சர்டிபிகேட் கோப்பும் "இடமில்லைடி, அப்புறம் அனுப்பி வைக்கிறோம்"னு பீரோவுக்குத் திரும்பப் போகும்.

விமான நிலையத்துல கேப்பாங்க பாருங்க ஒரு கேள்வி: "இந்தப் பெட்டியை நீங்களே கட்டினீங்களா?" நம்ம ஊர்ப் பொண்ணுங்கள்ல பாதிப் பேராவது அந்த இடத்துல பொய்தான் சொல்லியாகணும்.

இது சும்மா சம்பிரதாயக் கேள்வி இல்லை. குழம்பு மசாலாவுக்கு நம்ம வீட்டுல வைக்கிற கசகசா இருக்கே, அதுக்கு துபாய்லயும் சிங்கப்பூர்லயும் தடை. போதைப்பொருள் கணக்குல வருது. துபாய்ல கசகசாவால ஜெயிலுக்குப் போனவங்களே உண்டு. அமெரிக்காவுக்கு உப்புக்கண்டம் ஆகாது. பச்சைக் கறிவேப்பிலையும் ஆகாது. கறிவேப்பிலைச் செடியில தங்கற ஒரு சின்னப் பூச்சி ஆரஞ்சு மரத்துக்கு நோயைப் பரப்பும். 2005-ல் ஃபுளோரிடாவுல அந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு தோப்பு தோப்பா அழிஞ்சது. அவங்க பயத்துல நியாயம் இருக்கு. "இன்னது இருக்கு"ன்னு முன்னாடியே சொல்லிட்டா பொருளை எடுத்துக்கிட்டு விட்டுடுவாங்க, சொல்லாம மாட்டினா அபராதம். ஆனா அப்பத்தா செருகினது என்னன்னே தெரியாத பொண்ணு எதைச் சொல்லும்?

பொடியை விடுங்க, நகைக்கு வருவோம்.

2023 டிசம்பர் கடைசியில சென்னை விமான நிலையத்துல ஒரு இலங்கைப் பெண்ணோட 11 பவுன் தாலிக்கொடியையும் வளையலையும் கஸ்டம்ஸ் பறிமுதல் பண்ணிடுச்சு. அந்த வருஷம்தான் மதுரையில கல்யாணம் ஆகியிருந்தது. புருஷன் பிரான்ஸ்ல. அவர்கிட்டப் போகறதுக்கு விசாவுக்கு எழுதிப் போட்டுட்டு, கோயில் குளம் சுத்த வந்த பொண்ணு. நகை பெட்டிக்குள்ள இல்லை, கழுத்துலயும் கையிலயும் இருந்தது. 2025 தொடக்கத்துல நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, பேக்கேஜ் விதி பெட்டியில கொண்டு வர்ற பொருளுக்குத்தான், உடம்புல போட்டிருக்கறதுக்கு இல்லைன்னு சொல்லி, நகையைத் திருப்பிக் குடுக்க உத்தரவு போட்டார். நல்ல தீர்ப்பு. ஆனா ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு பாருங்க. அதுவும் உயர்நீதிமன்றம் வரைக்கும் போய்.

ஒரு வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்துட்டு ஊருக்கு வர்ற பொண்ணு தீர்வை இல்லாமக் கொண்டு வரக்கூடிய நகை 40 கிராம், அதாவது 5 பவுன். இங்க இருந்து 30 பவுனைப் போட்டுட்டுப் போய் திரும்பி வந்தா, அது முன்னாடியே தன்னோடதுதான்னு அவதான் நிரூபிக்கணும். அதுக்குத்தான் கிளம்பும்போதே கஸ்டம்ஸ்ல ஏற்றுமதிச் சான்றிதழ் குடுக்கறாங்க. மதிப்பீட்டாளர்கிட்ட எடை, போட்டோவோட எழுதி வாங்கிட்டு, விமான நிலையத்துக்குக் கொஞ்சம் சீக்கிரமாப் போனா முடிஞ்சது. எங்க பக்கம் இதைக் கேள்விப்பட்டவங்களே கம்மி. நகைக்கடை ரசீதைக் கேட்டா அது அப்பா பேருல இருக்கும். எந்த டைரிக்குள்ள இருக்குன்னும் அவருக்குத்தான் தெரியும்.

என் கட்சி இதுதான். போட்டுக்கற அளவு நகை போதும், மத்தது ஊர்லயே லாக்கர்ல இருக்கட்டும். லாக்கர் அவ பேருல இருக்கணும். மாமியார் பேருலயும் வேணாம், அப்பா பேருலயும் வேணாம். சீதனம் மனைவிக்கே சொந்தம், புருஷன் வீட்டுல இருந்தாலும் அவங்க வெறும் காப்பாளர்தான்னு 1985-லயே பிரதிபா ராணி வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அமெரிக்காவுக்கு எச்-4 விசாவுல போற பொண்ணு நினைச்ச உடனே வேலைக்குப் போக முடியாது. 2015-க்கு அப்புறம் அனுமதி கிடைக்குது, அதுவும் புருஷனோட பச்சை அட்டை விண்ணப்பம் ஒரு கட்டம் தாண்டியிருந்தாத்தான். அதுவரைக்கும் அவளுக்குன்னு இருக்கறது அந்த நகையும், பீரோவுல விட்டுட்டுப் போன அந்த சர்டிபிகேட் கோப்பும்தான். கோப்பு எடை ஒரு கிலோ கூட வராது.

"அம்மா கட்டிக் குடுக்கறது பாசம்டா, உனக்கு என்ன தெரியும்"னு திட்டு வாங்கியிருக்கேன். பாசம்தான், யாரு இல்லைன்னா? அம்மா எடுத்துக் குடுக்கட்டும். பெட்டிக்குள்ள வைக்கிற கை பொண்ணோடதா இருக்கட்டும். வைக்க வைக்க ஒரு தாள்ல எழுதிக்கட்டும், எழுதின தாள் கைப்பையில இருக்கட்டும். நண்பர் வீட்டுப் பொட்டலத்தைப் பிரிச்சுப் பாக்கட்டும். பிரிக்கக் கூடாதுன்னா அது கூரியர்ல போகட்டும்.

அப்புறம், எல்லாரும் மொதல்ல கேக்கறது: போடி ஏலக்காய் கொண்டு போலாமா? அமெரிக்காவுக்குத் தாராளமாப் போலாம், காய்ஞ்ச மசாலாப் பொருள்தானே, கேட்டா மறைக்காமச் சொல்லிட்டாப் போதும். கால் கிலோ போதாதா? மாப்பிள்ளை அங்க என்ன ஏலக்காய் மண்டியா வைக்கப் போறார் :-)