மருந்தே வேண்டாம் என்று சொல்லும் லேசர்: ஏழு வாதங்களும் அவற்றுக்கான மறுப்பும்

"மாத்திரை வேண்டாம், ஊசி வேண்டாம், ஆபரேஷன் வேண்டாம். லேசர் ஒளி போதும், வலி பறந்துவிடும்." பிசியோதெரபி நிலையங்களின் பெயர்ப்பலகைகளிலும் கைப்பேசி விளம்பரங்களிலும் அடிக்கடி கண்ணில் படும் வாக்குறுதி இது. முட்டி வலி, கழுத்து வலி, தோள்பட்டை இறுக்கம், இடுப்புப் பிடிப்பு, குதிகால் வலி என்று அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற பயம் நம் வீடுகளில் இருக்கிறது. பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ள ஒரு முதியவர், மருத்துவரைக் கேட்காமல் மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது ஆபத்தான காரியம். அந்த நியாயமான பயத்தின் மேல்தான் லேசர் வியாபாரம் நிற்கிறது.

லேசரில் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அதுவும் தவறாகிவிடும். சில வலிகளில், சரியான அளவில் கொடுத்தால், சில வாரங்களுக்கு அது வலியைக் குறைக்கிறது. அது ஒரு துணைச் சிகிச்சை. அதற்கு மேல் அதன் தலையில் ஏற்றிவைக்கப்படும் பெருமைகள் நோயாளியின் பணத்தையும், அதைவிட அருமையான காலத்தையும் தின்றுவிடுகின்றன. ஆகவே அந்த வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

1. "ஒளி பட்டால் தேய்ந்த மூட்டு மறுபடி வளரும்"

இந்த நம்பிக்கைக்குப் பின்னால் கொஞ்சம் உண்மையான அறிவியல் இருக்கிறது. 1960-இல் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். ஏழு ஆண்டுகள் கழித்து, ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், முடி மழித்த எலிகளின் தோலில் வலுக்குறைந்த லேசரைப் பாய்ச்சினார். ஒளி பட்ட இடத்தில் முடி வேகமாக வளர்ந்தது. பிறகு ஆறாத புண்களில் அதைப் பயன்படுத்திப் பார்த்தார். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோக்ரோம் சி ஆக்சிடேஸ் என்றொரு நொதி உண்டு. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் அது உறிஞ்சுவதால் செல்லின் ஆற்றல் உற்பத்தி கூடுகிறது, அழற்சி தணிகிறது என்பது ஆய்வாளர்கள் பரவலாக முன்வைக்கும் விளக்கம்.

ஆய்வுக்கூடத் தட்டில் கிடக்கும் செல்லுக்கும் முட்டிக்குள் இருக்கும் செல்லுக்கும் நடுவே தோல், கொழுப்பு, தசை, மூட்டுறை எல்லாம் இருக்கின்றன. இவற்றைக் கடக்கும்போது ஒளி சிதறுகிறது, உறிஞ்சப்படுகிறது. ஆழம் கூடக் கூட மிச்சம் வேகமாகக் குறைகிறது. ஒளி தடையின்றிச் சேரும் இடத்தில் பலனும் தெளிவாகத் தெரிகிறது. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெறுபவர்களுக்கு வரும் கொடிய வாய்ப்புண்ணைத் தடுக்க இந்த ஒளிச் சிகிச்சையைப் பன்னாட்டு வழிகாட்டு நெறிகளே பரிந்துரைக்கின்றன. வாயின் உட்தோல் ஒளிக்கு நேரே இருக்கிறது. குருத்தெலும்பு அப்படியில்லை. அதற்கு ரத்த ஓட்டமே கிடையாது. தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் சக்தியும் மிகக் குறைவு. மனித முட்டியில் தேய்ந்த குருத்தெலும்பை லேசர் திரும்ப வளர்த்தது என்று நம்பத்தக்க சான்று எதுவும் இல்லை. வலி குறைவது ஒன்று, மூட்டு வளர்வது வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்பது ஏமாற்று.

2. "ஆய்வுகள் நிரூபித்துவிட்டன"

ஆய்வுகள் உண்டு. அவை ஒரே குரலில் பேசவில்லை. 2009-இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வு 16 ஆய்வுகளையும் 820 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்து, கழுத்து வலிக்கு லேசர் பலன் தருகிறது என்றது. நாள்பட்ட கழுத்து வலியில் சிகிச்சை முடிந்த பிறகும் 22 வாரம் வரை பலன் நீடித்ததாக அது சொன்னது. முட்டித் தேய்மானம் குறித்து 2015-இல் வந்த தொகுப்பாய்வு, லேசரின் பலனுக்கு ஆதாரம் போதாது என்று முடித்தது. அதே முட்டியைப் பற்றி 2019-இல் பிஎம்ஜே ஓப்பன் இதழில் வந்த மற்றொன்று, 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துப் பலன் உண்டு என்றது.

எவ்வளவு பலன்? நூறு மில்லிமீட்டர் நீளமுள்ள வலி அளவுகோலில், போலி லேசர் (ஒளி தராத கருவி) பெற்றவர்களைவிடச் சராசரியாக 14 மில்லிமீட்டர் கூடுதல் குறைவு. பரிந்துரைத்த அளவில் கொடுத்த ஆய்வுகளை மட்டும் எடுத்தால் இன்னும் சற்று அதிகம். போலிச் சிகிச்சை பெற்றவருக்கு வலி 50-இல் நிற்கிறது என்றால் லேசர் பெற்றவருக்கு 36 என்று வைத்துக்கொள்ளுங்கள். படி ஏற அஞ்சுகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் வலி பறந்துவிடும் என்பதும் இல்லை.

வழிகாட்டு நெறிகளும் பிரிந்தே நிற்கின்றன. நாள்பட்ட இடுப்பு வலிக்கு முதலில் முயலக்கூடிய மருந்தில்லா வழிகளில் ஒன்றாக லேசரை அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-இல் சேர்த்தது. சான்றின் தரம் குறைவு என்பதையும் சேர்த்தே சொன்னது. பிரிட்டனின் நைஸ் அமைப்போ, மூட்டுத் தேய்மானத்துக்கு லேசர் உள்ளிட்ட மின்சிகிச்சைகளைக் கொடுக்க வேண்டாம், பலனுக்குச் சான்று போதவில்லை என்று 2022-இல் எழுதியது. இப்படி வல்லுநர்களே இரு பக்கமாக நிற்கும் ஒன்றை "நிரூபிக்கப்பட்டது" என்று அச்சடிப்பது நேர்மையில்லை.

3. "அமெரிக்க எஃப்டிஏ அங்கீகாரம், நாசா தொழில்நுட்பம்"

எஃப்டிஏ (அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்) என்ற மூன்றெழுத்தைப் பார்த்ததும் நம் மனம் அடங்கிவிடுகிறது. இந்த வகைக் கருவிகள் பெரும்பாலும் அங்கே சந்தைக்கு வருவது, ஏற்கெனவே விற்பனையில் உள்ள ஒரு கருவிக்கு இது ஈடானது என்று காட்டிப் பெறும் அனுமதியால். புதிய மருந்து ஒன்று பெரிய ஆய்வுகளில் தன் பலனை நிறுவிப் பெறும் ஒப்புதல் வேறு வகை. வலுமிக்க நான்காம் வகை லேசர் கருவிகள் பலவற்றின் அனுமதியைப் படித்தால் செய்தி இன்னும் தெளிவாகும். அகச்சிவப்பு விளக்கு என்ற பிரிவின் கீழ், தோலைச் சூடாக்கி, சிறு தசை வலியையும் மூட்டு வலியையும் தற்காலிகமாகத் தணிப்பதற்காக அவை அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. மூட்டுத் தேய்மானத்தைக் குணப்படுத்தும் என்ற சொல் அதில் இல்லை.

நாசாவின் கதையும் இதேபோல் பாதி வழியில் நிற்கிறது. விண்வெளியில் செடி வளர்க்க உருவான எல்இடி விளக்குகளைப் புண் ஆற்றுவதற்குப் பயன்படுத்தும் ஆய்வுக்கு நாசா நிதி அளித்தது உண்மை. அது எல்இடி, லேசர் அல்ல. ஆராய்ந்தது புண்ணை, தேய்ந்த முட்டியை அல்ல.

4. "பவர் கூடினால் பலன் கூடும், சிட்டிங் கூடினால் குணம் கூடும்"

லேசரை மருந்தாக எண்ணினால் அதன் அளவு ஜூல் கணக்கில் வரும். 780 முதல் 860 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒரு புள்ளிக்குக் குறைந்தது 4 ஜூல் என்பது லேசர் சிகிச்சைக்கான உலகச் சங்கத்தின் பரிந்துரை. கணக்கு எளிது: ஒரு வாட் என்றால் நொடிக்கு ஒரு ஜூல். 100 மில்லிவாட் கருவியை முட்டி மடிப்பின் ஒரு புள்ளியில் அழுத்திப் பிடித்தால் 4 ஜூல் சேர 40 நொடி ஆகும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் 5 மில்லிவாட் பேனா லேசரில் அதே அளவுக்கு 800 நொடி வேண்டும். ஒரு புள்ளிக்கே 13 நிமிடத்துக்கு மேல். முட்டியைச் சுற்றிப் பல புள்ளிகளுக்குக் கொடுக்க வேண்டியிருப்பதால், அந்தப் பேனாவைச் சில நிமிடம் காட்டிவிட்டு எடுப்பதில் பொருளில்லை.

மறுபக்கம், கூடுதலாகக் கொடுத்தாலும் கெடும். ஓர் அளவு வரை தூண்டும் ஒளி, அதைத் தாண்டினால் தூண்டுதலை இழக்கிறது, சில சமயம் தடுக்கவும் செய்கிறது என்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. எனவே 30 சிட்டிங் பேக்கேஜை முதல் நாளே முழுப் பணம் வாங்கி எழுதித் தருவதற்கு மருத்துவ நியாயம் இல்லை. எத்தனை முறை என்பதை இடையில் வலியையும் நடையையும் அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் அட்டையில் அலைநீளம், வாட், ஒரு புள்ளிக்கு எத்தனை ஜூல் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அவை இல்லாவிட்டால், அளவு தெரியாமல் மருந்து வாங்குகிறீர்கள்.

5. "பக்க விளைவே கிடையாது"

சரியாகக் கொடுத்தால் தீங்கு குறைவு என்பது உண்மை. தீங்கே இல்லை என்பது பொய். அகச்சிவப்பு லேசர் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் கண் இமைக்காது. இமைக்காததால் விழித்திரை கருகலாம். சிகிச்சை தருபவர், பெறுபவர் இருவருக்கும் அந்த அலைநீளத்துக்கு உரிய கண்ணாடி கட்டாயம். அரை வாட்டுக்கு மேற்பட்ட நான்காம் வகைக் கருவிகள் தோலைச் சுடும். மெலனின் கூடுதலான கரிய தோல் ஒளியைக் கூடுதலாக உறிஞ்சும் என்பதால், வெள்ளைத் தோலுக்கு அமைத்த அளவை அப்படியே நம் தோலில் வைக்கக் கூடாது. சர்க்கரையால் கால் மரத்துப்போனவருக்குச் சூடு உறைக்காது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். புற்றுக்கட்டி உள்ள இடத்திலும் கர்ப்பிணியின் வயிற்றிலும் பாய்ச்சக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பக்க விளைவு தாமதம். மூட்டு வலி எல்லாமே தேய்மானம் அல்ல. விரல் மூட்டுகள் இரு கையிலும் வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கை மடங்காமல் இருந்தால் அது முடக்கு வாதமாக இருக்கலாம். அந்த நோயில் தொடக்க மாதங்கள் பொன் போன்றவை. மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளை அப்போதே தொடங்கினால் மூட்டு சிதைவதைத் தடுக்க முடியும். முடக்கு வாதத்தில் லேசர் குறுகிய காலம் வலியையும் காலை நேர இறுக்கத்தையும் குறைக்கக்கூடும். மூட்டை அரிக்கும் நோயை அது நிறுத்தாது. இங்கே "மருந்தில்லா சிகிச்சை" என்ற சொல்லை நம்பி ஆறு மாதம் இழந்தவருக்குக் கோணிய விரல்கள் நிமிர்வதில்லை. காய்ச்சலோடு ஒரு மூட்டு மட்டும் சிவந்து வீங்கினால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம்; அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் எலும்பு வலி, காரணமில்லாத எடைக் குறைவு இவற்றுக்கும் முதல் தேவை பரிசோதனை.

6. "எனக்குச் சரியானது, இதைவிட என்ன சான்று?"

சொல்பவர் பொய் சொல்லவில்லை. வலி குறைந்தது உண்மை. எதனால் குறைந்தது என்பதுதான் கேள்வி. இடுப்புப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். தேய்மான வலி ஏறும், இறங்கும். தாங்க முடியாத நாளில்தான் நாம் சிகிச்சைக்குப் போகிறோம், அதற்குப் பிறகு அது இறங்குவது இயல்பு. ஒருவர் அக்கறையோடு விசாரித்து, தொட்டுப் பார்த்து, வாரம் மூன்று நாள் நேரம் ஒதுக்கினால் அதுவே வலியைத் தணிக்கும். கூடவே அந்த நிலையத்தில் செய்யச் சொன்ன பயிற்சியும் இருக்கும்.

இதைப் பிரித்துப் பார்க்கத்தான் போலிச் சிகிச்சையோடு ஒப்பிடும் ஆய்வு வேண்டும். வலுக்குறைந்த அகச்சிவப்பு லேசரில் அது எளிது: ஒளி தெரியாது, சூடும் இருக்காது என்பதால் இயங்கும் கருவி எது, இயங்காதது எது என்று நோயாளியால் சொல்ல முடியாது. அப்படிப் பிரித்துப் பார்த்தபோது மிஞ்சியதுதான் மேலே சொன்ன 14 மில்லிமீட்டர். அண்டை வீட்டு அக்காவின் அனுபவத்தை மதிப்போம். அதை நம் முட்டிக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

7. "மாத்திரையா, லேசரா? நீங்களே முடிவு செய்யுங்கள்"

இந்தக் கேள்வியே தவறு. இந்த இரண்டையும் தவிர, வலுவான சான்றுள்ள வழி ஒன்றுண்டு, அதுவும் மருந்தில்லாததே. தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி, நடை, எடைக் குறைப்பு. முட்டித் தேய்மானம் உள்ள பருமனானவர்களை வைத்து அமெரிக்காவில் ஸ்டீபன் மெசியர் குழு செய்த ஆய்வில், எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டி தாங்கும் சுமை நான்கு கிலோ குறைவதாகத் தெரிந்தது. ஐந்து கிலோ குறைத்தவர், எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் இருபது கிலோவை முட்டியிலிருந்து இறக்குகிறார்.

பயிற்சிக்கு ஒரு நாற்காலி போதும். முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, தொடையின் முன்தசை கல்லாக இறுகும்வரை நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டும். பிறகு மற்றக் கால். நாளடைவில் கணுக்காலில் சிறு எடை கட்டிக்கொள்ளலாம். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவதும் உட்காருவதும் அடுத்த படி. மாத்திரைக்கு அஞ்சுபவர்களுக்கு முட்டியில் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் உண்டு. மாத்திரையோடு ஒப்பிட்டால் அதில் மிகக் குறைந்த அளவு மருந்தே ரத்தத்தில் கலக்கிறது. லேசர் இவற்றோடு சேர்ந்து, வலியால் பயிற்சியே செய்ய முடியாதவருக்கு முதல் சில வாரங்களைக் கடக்க உதவினால், அதை வாங்கிய காசு வீண் இல்லை. இவற்றுக்குப் பதிலாக வந்தால் வீண்தான். மேசையில் படுத்து ஒளி வாங்கும் காலத்தில் தொடைத் தசை மெலிந்துகொண்டே போகும்; மெலிந்த தசையால் முட்டிக்கு வரும் சுமையை எந்த ஒளியும் சுமக்காது.

பிசியோதெரபிஸ்ட்டுகளிடம் ஒரு வேண்டுகோள். அசைவைப் பார்த்து நோயை அறியவும், பயிற்சியால் மனிதரை மீண்டும் நடக்க வைக்கவும் பல ஆண்டுகள் படித்தவர்கள் நீங்கள். ஒரு கருவியின் பொத்தானை அழுத்துபவராக உங்களைச் சுருக்கும் விளம்பரங்களை முதலில் எதிர்க்க வேண்டியவர்களும் நீங்களே. நோயாளிகள் கேட்க வேண்டியவை நான்கு: எனக்கு என்ன நோய், லேசரிலிருந்து எவ்வளவு பலனை எதிர்பார்க்கலாம், எத்தனை முறைக்குப் பிறகும் பலன் இல்லாவிட்டால் நிறுத்துவீர்கள், இதனுடன் நான் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி என்ன. நான்குக்கும் நேரான பதில் கிடைக்கும் இடத்தில் லேசரை ஏற்றுக்கொள்ளுங்கள். நான்காவது கேள்விக்கு "ஒன்றும் வேண்டாம், ஒளியே பார்த்துக்கொள்ளும்" என்று பதில் வந்தால் பணத்தைக் கட்டாமல் எழுந்து வாருங்கள்.