பெண் நாய்க்குட்டிக்கு நீர்க்கடுப்பா? மாத்திரைக்கு முன் கவனிக்க வேண்டியவை

கேள்வி: நாகப்பட்டினம் வெளிப்பாளையத்தில் வசிக்கிறேன். தெருவில் கிடந்த பெண் நாய்க்குட்டி ஒன்றை என் மகள் தூக்கிவந்து ஒரு மாதம் ஆகிறது. இப்போது அதற்கு 3 மாதம் இருக்கலாம். நன்றாகச் சாப்பிடுகிறது, ஓடியாடி விளையாடுகிறது. ஆனால், 10 நிமிடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் போகிறது. பிறப்புறுப்பை நக்கிக்கொண்டே இருக்கிறது. அந்த இடத்து முடியில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியிருக்கிறது. 'பொட்டைக்குட்டியை வளர்த்தால் இப்படித்தான், எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள்' என்கிறார் என் மாமியார். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையில் பாதியைக் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார் கணவர். நான் என்ன செய்யட்டும்?

பதில்: குட்டியை விடவும் வேண்டாம், மாத்திரையைக் கொடுக்கவும் வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது சரியாகக்கூடிய விஷயமாகத்தான் தெரிகிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு தனித்தனி அறிகுறிகள் இருக்கின்றன. அடிக்கடி, சொட்டுச் சொட்டாகப் போவது ஒன்று. பிசுபிசுப்பான கசிவும் நக்குவதும் இன்னொன்று. முதலாவது சிறுநீர்ப்பையைக் காட்டுகிறது. இரண்டாவது பிறப்புறுப்பைக் காட்டுகிறது. இரண்டும் ஒன்றாகவும் வரலாம், ஒன்றைப் பார்த்து இன்னொன்று என்று ஏமாறவும் செய்யலாம். அதனால்தான் பரிசோதனைக்கு முன் மாத்திரை கூடாது என்கிறேன்.

எது இயல்பு?

குட்டி நாய்க்குச் சிறுநீரை அடக்கும் சக்தி மெதுவாகத்தான் வரும். மாதத்துக்கு ஒரு மணி நேரம் என்பது தோராயக் கணக்கு. 3 மாதக் குட்டி பகலில் ஏறக்குறைய 3 மணி நேரம் தாங்கும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் போவது இயல்புதான். வீட்டுக்கு யாராவது வந்தால் சந்தோஷத்தில் கொஞ்சம் விட்டுவிடும். அதட்டினால் பயத்தில் விடும். இவை எதுவும் நோயில்லை.

வித்தியாசம் அளவில் இருக்கிறது. ஆரோக்கியமான குட்டி ஒவ்வொரு முறையும் ஓரளவு நிறையவே போகும். போய் முடித்ததும் வேறு வேலையைப் பார்க்கக் கிளம்பிவிடும். நீர்க்கடுப்பு உள்ள குட்டி உட்காரும், முக்கும், இரண்டு சொட்டு விடும், நாலடி நடந்து மறுபடியும் உட்காரும். சில குட்டிகள் முனகும். சிறுநீரில் துர்நாற்றம் வீசலாம், இளஞ்சிவப்பாகவும் இருக்கலாம்.

ஒரு நாள் முழுக்க ஒரு தாளில் குறித்துவையுங்கள்: எத்தனை மணிக்குப் போனது, நிறையவா, சொட்டா, என்ன நிறம், முக்கியதா? இந்த வேலையை உங்கள் மகளிடமே கொடுக்கலாம். மருத்துவருக்கு இந்தத் தாள் மிகவும் உதவும்.

அந்தப் பிசுபிசுப்பு என்ன?

இந்த வயதுப் பெண் குட்டிகளுக்கு 'குட்டிப் பருவ யோனி அழற்சி' என்ற ஒன்று வருவதுண்டு. பருவமடையாத குட்டியின் உடலில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு மிகக் குறைவு. அதனால் பிறப்புறுப்பின் உட்தோல் மெல்லியதாக இருக்கும். வழக்கமாக அங்கே வாழும் கிருமிகளே லேசான எரிச்சலை உண்டாக்கிவிடும். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பிசின்போலக் கசியும். குட்டி நக்கும். மற்றபடி தின்பதிலும் ஓடுவதிலும் எந்தக் குறையும் இருக்காது.

பெரும்பாலான குட்டிகளுக்கு இது தானாகவே சரியாகிவிடும். பலவற்றுக்கு முதல் பருவச் சுழற்சி வந்து போனதும் மறைந்துவிடும். அந்தச் சுழற்சி பொதுவாக 6 மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் வரும். பெரிய இனங்களில் இன்னும் தாமதமாகலாம். லேசாக இருந்தால் ஆன்டிபயாடிக் தேவைப்படாது. கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் நோய் என்று யாராவது பயமுறுத்தினால் கலங்க வேண்டாம். அது பருவமடைந்த, கருத்தடை செய்யாத நாய்களுக்கு, பெரும்பாலும் பருவச் சுழற்சி முடிந்த சில வாரங்களில் வருவது.

சிறுநீர்ப்பைத் தொற்று வேறு கதை. பெண் நாய்க்குச் சிறுநீர் வெளிவரும் குழாய் ஆண் நாயைவிடக் குட்டையானது. மலத்தில் இருக்கும் ஈ.கோலை போன்ற கிருமிகள் எளிதாக மேலேறிவிடும். சில குட்டிகளுக்குப் பிறப்புறுப்பு தோல் மடிப்புக்குள் புதைந்தாற்போல இருக்கும். அந்த மடிப்பில் ஈரம் தங்கினாலும் தொற்று வரும். இதற்குச் சிகிச்சை கட்டாயம் தேவை. விட்டுவிட்டால் கிருமி சிறுநீரகம்வரை போகலாம்.

சிறுநீரை எப்படிப் பிடிப்பது?

காலையில் எழுந்ததும் முதல் சிறுநீர் நல்லது. மருந்துக் கடையில் கிடைக்கும் மூடிபோட்ட சுத்தமான டப்பா ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். கழுவிக் காயவைத்த தட்டையான கரண்டியோ சிறு தட்டோ போதும். குட்டி உட்கார்ந்து போகத் தொடங்கியதும் பின்பக்கமாக மெதுவாக நீட்டுங்கள். முதல் சொட்டுகளை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். தரையிலிருந்து வழித்தெடுத்தால் பயனில்லை. ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் கொண்டுசெல்லுங்கள்.

இப்படிப் பிடிக்கும் சிறுநீர் அந்தப் பிசுபிசுப்பின் வழியாகத்தான் வெளியே வருகிறது. வரும்போதே அங்கிருக்கும் சீழ் அணுக்களையும் கிருமிகளையும் அள்ளிக்கொண்டு வரும். சிறுநீர்ப்பை சுத்தமாக இருந்தாலும், 'தொற்று இருக்கிறது' என்று முடிவு வந்துவிடலாம். தேவையில்லாத ஆன்டிபயாடிக் இப்படித்தான் தொடங்குகிறது. வண்ணம் மாறும் பட்டையை நனைத்துப் பார்க்கும் சோதனையில் வெள்ளணுக்களைக் காட்டும் பகுதியும் நாய்களுக்கு நம்பத்தக்கதல்ல. நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சந்தேகம் தீரவில்லை என்றால் மருத்துவர் வயிற்றின் வழியாக மெல்லிய ஊசியால் சிறுநீர்ப்பையிலிருந்தே நேராக எடுப்பார். கேட்கும்போது பயமாகத்தான் இருக்கும். சில நொடிகளில் முடிந்துவிடும். தடுப்பூசி போடும்போது இருக்கும் அளவுக்குத்தான் வலி. எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று தெரிந்துகொள்ளும் கல்ச்சர் பரிசோதனைக்கு இந்த மாதிரிதான் சிறந்தது. மருந்து ஆரம்பிப்பதற்கு முன்பே இதை எடுத்துவிட வேண்டும். ஒரு மாத்திரை உள்ளே போய்விட்டாலும் கிருமி வளராமல், ஒன்றுமில்லை என்ற தவறான முடிவு வரலாம்.

பாதி மாத்திரை ஏன் கூடாது?

உங்கள் கணவர் குட்டியின் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால், மனிதர்களுக்கு நீர்க்கடுப்புக்குத் தரப்படும் சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் வளரும் குட்டியின் மூட்டுக் குருத்தெலும்பைப் பாதிக்கக்கூடியவை. குட்டிக்கு மருந்தின் அளவை எடை பார்த்துத்தான் கணக்கிட வேண்டும்; பாதி, கால் என்று உடைத்துக் கொடுக்க முடியாது. அரைகுறையாகக் கொடுத்தால் கிருமி சாகாமல் மருந்துக்குப் பழகிவிடும். வலிக்கிறதே என்று ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், பாராசிட்டமால் எதையும் கொடுக்காதீர்கள். இவை நாயின் இரைப்பை, சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றைக் கெடுத்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

சிக்கலில்லாத சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு 3 முதல் 5 நாள் மருந்தே போதும் என்கின்றன 2019-ல் வெளியான சர்வதேச வழிகாட்டு நெறிகள். உங்கள் குட்டிக்கு எத்தனை நாள் என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அவர் சொன்ன நாள்வரை கொடுங்கள். இரண்டாம் நாளே துள்ளுகிறது என்று நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் தினம் இருமுறை அந்த இடத்தை ஒற்றித் துடைத்து, ஈரம் இல்லாமல் உலர்த்துங்கள். சோப்பு, கிருமிநாசினித் திரவம், மஞ்சள்தூள், வேப்பெண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். மெல்லிய தோல் இன்னும் எரியும்.

அடிக்கடி போகிறதே என்று தண்ணீரைக் குறைக்கவே கூடாது. நிறையக் குடித்து நிறையப் போனால்தான் கிருமிகள் வெளியேறும். நாகை போன்ற கடலோர ஊர்களில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். நீங்கள் குடிக்கும் தண்ணீரையே குட்டிக்கும் வையுங்கள். பார்லித் தண்ணீர், இளநீர், நீர்மோர் எல்லாம் கிருமியைக் கொல்லாது. அவற்றை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

சின்ன வெங்காயம் போட்ட சாம்பார் சாதத்தை நிறுத்திவிடுங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். அளவு கூடினால் சிறுநீர் பழுப்புச் சிவப்பாக மாறி, நீர்க்கடுப்பு என்றே நினைக்கத் தோன்றும்.

எப்போது அன்றைக்கே ஓட வேண்டும்?

காய்ச்சல், வாந்தி, சாப்பிடாமல் சுருண்டு படுப்பது, ஈறும் கண்ணும் மஞ்சளாவது, காபி டிகாக்ஷன் நிறத்தில் சிறுநீர், முக்கியும் ஒரு சொட்டுகூட வராதது. இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளை என்று தள்ளிப்போடக் கூடாது. டிகாக்ஷன் நிறம் உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம்.

டெல்டாக்காரர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். வயலும் எலியும், வடகிழக்குப் பருவமழையில் தேங்கும் தண்ணீரும் உள்ள ஊர்களில் எலிக்காய்ச்சலுக்கு வாய்ப்பு அதிகம். யோனி அழற்சியோ சாதாரண நீர்க்கடுப்போ குட்டியிடமிருந்து உங்கள் மகளுக்குப் பொதுவாக ஒட்டாது. எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்குப் பரவும். எது என்று தெரியும்வரை கையுறை போட்டுச் சுத்தம் செய்யுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தெருவில் கிடைத்த குட்டி என்பதால் எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு தரும் தடுப்பூசி, வெறிநாய்க்கடித் தடுப்பூசி, குடற்புழு நீக்கம் மூன்றையும் மருத்துவரிடம் கேட்டு முடித்துவிடுங்கள்.

திரும்பத் திரும்ப வந்தால்?

மருந்து முடிந்த சில வாரங்களில் தொற்று மீண்டும் வந்தாலோ, தூங்கும்போதும் நடக்கும்போதும் தன்னை அறியாமல் ஒழுகிக்கொண்டே இருந்தாலோ, பிறவிக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் சிறுநீர்ப்பையில் சேராமல் தவறான இடத்தில் திறந்திருக்கலாம். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி இனங்களில் இது சற்று அதிகம். ஸ்கேனில் துப்பு கிடைக்கும், அறுவை சிகிச்சையால் பலவற்றைச் சரிசெய்யலாம். முதலில் உள்ளூர் அரசு கால்நடை மருத்துவமனையில் காட்டுங்கள். மேல் பரிசோதனை தேவைப்பட்டால் உங்கள் பக்கத்துக்காரர்களுக்கு 2012-ல் தொடங்கப்பட்ட ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருவாரூர், மன்னார்குடி வழியாகப் போய்வரலாம்.

கருத்தடை அறுவை சிகிச்சை செய்யும் எண்ணம் இருந்தால் இந்தக் கசிவைப் பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள். இப்படிப்பட்ட குட்டிகளுக்கு முதல் பருவச் சுழற்சி முடியட்டும் என்று பல மருத்துவர்கள் காத்திருக்கச் சொல்வதுண்டு.

உங்கள் மாமியாருக்கு ஒரு வார்த்தை

அம்மா, வீடு அசுத்தமாகிறதே என்ற உங்கள் வருத்தம் நியாயமானதுதான். ஆனால் பொட்டைக்குட்டி என்பதால் வந்த வினை இல்லை இது. ஆண் நாய்களுக்கும் சிறுநீர்த் தொற்று வரும். பெண் குட்டி என்ற ஒரே காரணத்துக்காகத் தெருவில் விடப்படும் குட்டிகள் நம் ஊர்களில் ஏராளம். உங்கள் வீட்டுக்கு வந்ததும் அப்படி விடப்பட்ட ஒன்றாகவே இருக்கலாம். 3 மாதக் குட்டி மறுபடியும் தெருவுக்குப் போனால் பிழைப்பது கஷ்டம்.

குணமாகும்வரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும், தூங்கி எழுந்த உடனும், சாப்பிட்ட உடனும் கொல்லைப்பக்கம் ஒரே இடத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். அங்கே போனதும் ஒரு வாய் தீனி கொடுத்துத் தட்டிக்கொடுங்கள். உள்ளே போய்விட்டால் அடிக்க வேண்டாம். உடனே துடைத்து, வினிகர் கலந்த தண்ணீரால் வாடை போகக் கழுவினால் அதே இடத்துக்கு மீண்டும் வருவது குறையும். பினாயில் ஊற்றிய தரையில் ஈரம் காயும்வரை குட்டியை விடாதீர்கள். அந்தத் திரவம் வயிற்றிலும் காலிலும் பட்டு, அதை நக்கினால் புதிதாக ஒரு தொல்லை வரும்.

நாளைக் காலைச் சிறுநீரைப் பிடித்துக்கொண்டு, மகள் எழுதிய தாளோடு மருத்துவரிடம் போங்கள். குட்டியையும் கூட்டிப்போங்கள். அந்த மிச்ச மாத்திரையை மட்டும் இன்றைக்கே அகற்றிவிடுங்கள்.