பழையதும் புதியதும் ஒரே பொறியில்

சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில், ஒரே முழையின் கற்படுக்கைகளில், கி.மு. முதல் நூற்றாண்டுத் தமிழி எழுத்தும் பல நூற்றாண்டு பிற்பட்ட தமிழெழுத்தும் அருகருகே உள்ளன. பின்வந்தோர் முன்னதைச் செதுக்கி எறிந்திலர்!

இன்று கணிப்பொறியில் நடப்பதென்ன? தமிழக அரசு 1999-இல் டாம், டாப் குறியாக்கங்களை ஏற்றது. 2010-இல் ஒருங்குறியைத் தரமாக்கியது. வேண்டிய மாற்றமே. ஆயின், முந்தைய குறியாக்கத்தில் அடித்த கோப்பு, அதற்குரிய எழுத்துரு இல்லாப் பொறியில் பொருளற்ற அயற்குறிகளாய்ச் சிதறும். இஃதறியாது பழைய மென்பொருளை அழிக்கும் அச்சகங்கள் எத்துணை! அம்மென்பொருள் புதிய இயங்குதளத்தில் ஓடாதெனின், பழைய இயங்குதளத்தையே அப்பொறிக்குள் மெய்நிகர்ப் பொறியாய் இயக்கலாமே. கோப்புகள் யாவும் ஒருங்குறிக்கு மாறி, மெய்ப்புப் பார்த்து முடியுங்காறும் பழைய எழுத்துருவை எவரும் நீக்கற்க.