புயலுக்கு முன்பே ஊராட்சியின் கையில் கருவியும் நிதியும் வேண்டும்: கோரிக்கை மனு

அனுப்புநர்: பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, பேராவூரணி பகுதிக் கிராமங்களின் விவசாயிகள் சங்கத்தினர்

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம், தஞ்சாவூர்

நாள்: செப்டம்பர் 2025

பொருள்: வடகிழக்குப் பருவமழைக்கு முன் கிராம ஊராட்சிகளைத் தயார்படுத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்தபோது எங்கள் ஊர்களில் ஊராட்சித் தலைவர் என்று ஒருவர் இல்லை. 2016 அக்டோபரிலேயே பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் நிர்வாகம் பார்த்து வந்தார்கள். ஒருவர் பொறுப்பில் ஒன்றியத்தின் அத்தனை ஊராட்சிகளும். சாலையெங்கும் தென்னையும் மின்கம்பமும் சாய்ந்து கிடக்கையில் அவர் எந்த ஊருக்குத்தான் முதலில் வர முடியும்?

மின்சாரம் போனதும் மேல்நிலைத் தொட்டி வறண்டது. வாடகை ஜெனரேட்டரை டிராக்டரில் ஏற்றி வந்து, வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்துத் தண்ணீர் ஏற்றினோம். பணம் தர முடியாத வீட்டுப் பெண்கள் காலிக் குடத்தோடு தள்ளியே நின்றார்கள். அதை எங்களால் மறக்க முடியவில்லை. எந்த வீட்டிலும் வசூலிக்காமல் ஊராட்சி செய்திருக்க வேண்டிய வேலை அது.

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் 41-ஆம் பிரிவு, பணியாளருக்குப் பயிற்சி தருவதையும் கருவிகளைத் தயார் நிலையில் வைப்பதையும் உள்ளாட்சியின் கடமையாகவே சொல்கிறது. தாங்கள் தலைமை வகிக்கும் மாவட்ட ஆணையத்திலும் உள்ளாட்சிப் பிரதிநிதி ஒருவர் இணைத் தலைவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் மறுபடியும் முடிந்துவிட்டது. மாவட்டத்தின் 589 ஊராட்சிகளும் மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பில் இருக்கின்றன. கஜா வந்த அதே நிலையில் இன்னொரு ஐப்பசி, கார்த்திகையை எதிர்கொள்ள எங்களுக்கு அச்சமாக இருக்கிறது.

தேர்தலைத் தாமதமின்றி நடத்த வேண்டும் என்ற எங்கள் கோரிக்கையை அரசுக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் பரிந்துரைத்து அனுப்ப வேண்டுகிறோம். அதுவரை காத்திருக்க மழைக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு ஜெனரேட்டர், மரம் அறுக்கும் இயந்திரம், சாக்கு, சவுக்குக் கம்பு ஆகியவற்றை இப்போதே வாங்கி வைக்க உத்தரவிட வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தவுடன், மேலிட ஒப்புதலுக்குக் காத்திராமல் முதல் மூன்று நாள் செலவை ஊராட்சிப் பொது நிதியிலிருந்து செய்ய, ஊராட்சிச் செயலருக்கு எழுத்துமூலமான அனுமதி வேண்டும். முகாமாகும் பள்ளியின் சாவி இரவில் யாரிடம் இருக்கும், படுத்த படுக்கையாக இருப்பவர்களும் நிறைமாதக் கர்ப்பிணிகளும் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் அக்டோபர் 2 கிராம சபையில் பேசி எழுதி வைக்க வேண்டும்.

வடிகால் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாசன வாய்க்காலுக்குக் கிடைக்கும் கவனம் வடிகாலுக்குக் கிடைப்பதில்லை. ஒரே ஒரு குழாய்ப் பாலத்தின் வாயை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் போதும், மேல்பக்கத்துச் சம்பா முழுவதும் முங்கிவிடும். நட்டு ஒரு மாதமான பயிர் ஒரு வாரம் தண்ணீரில் கிடந்தால் அழுகிவிடும். எந்தக் குழாய் அடைக்கும் என்பது ஊரில் தண்ணீர் பாய்ச்சுகிறவருக்குத் தெரியும். அவரை உடன் வைத்துக்கொண்டு நீர்வளத்துறையும் ஊராட்சியும் வடிகால்களை நடந்து பார்த்து, சி, டி பிரிவு வாய்க்கால்களை மழைக்கு முன் நூறு நாள் வேலையில் சுத்தம் செய்யக் கோருகிறோம்.

இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை மேற்படி கிராம சபைக்கு முன்பாக எழுத்துமூலம் தெரிவித்தால், அதைச் சபையில் படித்துக் காட்டுவோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள், உறுப்பினர்கள்